கலவை என்ற ஒரே சொல்

எங்கள் கடற்கரையில் சின்ன மோட்டார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இரண்டு உபதேசங்கள் இலவசமாகக் கிடைக்கும். ஒன்று, "ஆயில் கொஞ்சம் ஜாஸ்தியாவே ஊத்து, இன்ஜினுக்கு நல்லது." இன்னொன்று, "மிக்சர் ஸ்க்ரூவை கொஞ்சம் டைட் வை, பெட்ரோல் மிச்சமாகும்." வீராம்பட்டினத்திலும் கேட்டிருக்கிறேன், நல்லவாட்டிலும் கேட்டிருக்கிறேன், காரைக்கால் கிளிஞ்சல்மேட்டிலும் கேட்டிருக்கிறேன். ஊர் மாறும், உபதேசம் மாறாது. இரண்டுமே தவறு. தனித்தனியாகச் செய்தால் மோட்டார் சில காலம் தாக்குப் பிடிக்கும். சேர்த்துச் செய்தால் ஒரு நாள் கரையிலிருந்து தொலைவில் பிஸ்டன் ஜாம் ஆகி நிற்கும். இந்த இரண்டு பொய்களையும் எதிர்த்துத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் காரமாகவே எழுதப்போகிறேன், நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"குமாஸ்தாவுக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் இருக்கிறது. பணிக்காலத்தில் ஒரு பகுதி, படகு மோட்டார்களுக்கான மானிய விண்ணப்பங்கள் வந்து போகும் மேசையில் கழிந்தது. பழுது, மாற்று, மறுபடியும் பழுது என்று அவற்றின் ஜாதகம் முழுவதும் என் கை வழியாகத்தான் போயிற்று. அதோடு, டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு முன்னோடி வடிவத்தை 1881-ல் காப்புரிமை செய்தவரின் பெயரே டூகால்ட் கிளார்க். என் பதவிப் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டவர்! ஆகவே பேசும் உரிமை எங்கள் இனத்துக்கு உண்டு.

குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. நாம் "மிக்சர்" என்கிறோம், படித்தவர்கள் "கலவை" என்கிறார்கள். எந்தக் கலவை? பெட்ரோலில் ஆயிலைக் கலப்பதும் மிக்சர். கார்புரேட்டரில் காற்றோடு பெட்ரோல் கலப்பதும் மிக்சர். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வழக்கில் இருக்கிறது. ஆயில் கலந்த பெட்ரோலுக்கு "மெலாஞ்ஷ்". பிரான்சில் பெட்ரோல் பங்குகளிலேயே ஒரு காலத்தில் "மெலாஞ்ஷ்" என்று தனியாக விற்றார்கள். காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் சேருகிறது என்பதற்கு "ரிஷெஸ்". செல்வம், செழிப்பு என்று பொருள்படும் சொல். பெட்ரோல் கூடினால் அது செழித்த கலவை, குறைந்தால் ஏழைக் கலவை. ஒருவன் "ரிஷெஸ்" என்று சொன்னால் அடுத்தவன் ஆயில் டப்பாவைத் தேட மாட்டான். இங்கே "மிக்சர் சரியில்லை" என்று ஒருவர் சொல்ல, ஒருவர் ஆயிலை எடுக்கிறார், இன்னொருவர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறார். இருவரும் ஒரே வியாதிக்கு மருந்து கொடுப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

பிரெஞ்சு உசத்தி, தமிழ் தாழ்த்தி என்று நான் சொல்ல வரவில்லை. தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? முதலாவதை "எண்ணெய்க் கலப்பு" என்போம், இரண்டாவதைக் "காற்றுக் கலப்பு" என்போம். இந்தக் கட்டுரையில் அப்படித்தான் எழுதப்போகிறேன். இரண்டு பெயர் வைத்த உடனேயே பாதிச் சண்டை தீர்ந்துவிடுகிறது.

முதலில் எண்ணெய்க் கலப்பு. மோட்டார் சைக்கிள், கார் ஆகியவற்றின் ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினில் அடியில் ஆயில் தனியாக இருக்கும். சின்ன டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் அந்த இடமே இல்லை. கார்புரேட்டரிலிருந்து வரும் காற்றும் பெட்ரோலும் முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், அங்கிருந்துதான் மேலே சிலிண்டருக்கு ஏறுகின்றன. 1890 வாக்கில் ஜோசப் டே என்ற ஆங்கிலேயர் செய்த ஏற்பாடு இது. பெட்ரோல் போகும் வழியிலேயே பேரிங்கும் பிஸ்டனும் இருப்பதால், பெட்ரோலிலேயே ஆயிலைக் கரைத்து அனுப்பிவிடலாம். பழைய லாம்ப்ரெட்டா, லூனா ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பங்கில் பெட்ரோலோடு டூ-டி ஆயிலையும் அளந்து ஊற்றுவார்களே, அதே சங்கதிதான்.

எவ்வளவு ஆயில் என்பதை மோட்டார் செய்தவன் புத்தகத்தில் எழுதியிருக்கிறான். இப்போதுள்ள பல மோட்டார்களுக்கு 50:1. அதாவது லிட்டருக்கு 20 மில்லி, 20 லிட்டர் டேங்குக்கு 400 மில்லி. புது மோட்டாரைப் பழக்கும் முதல் சில மணி நேரத்துக்கு மட்டும் 25:1 என்று பல கம்பெனிகள் சொல்லும். அப்போது லிட்டருக்கு 40 மில்லி. இந்தக் கணக்கு எங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்த "ரெகிள் தெ த்ருவா" தவிர வேறில்லை. தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் மூன்றின் விதி என்பார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு.

நடப்பது என்ன? தண்ணீர் பாட்டில் மூடியால் அளப்பது, டீ கிளாஸால் அளப்பது, "கையால ஒரு குத்துமதிப்பு" என்று சாய்ப்பது. பழக்கும் காலத்து 25:1 அளவே ஆயுள் முழுக்கத் தொடர்வது. கேட்டால், "ஆயில் கூடினா கெடுதலா சார்?" என்பார்கள்.

கெடுதல்தான். கூடுதல் ஆயில் முழுதாக எரியாது. பிளக்கில் கரியாகப் படியும். பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். புகை போகும் வாசலில் அடைசல் சேரும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கெடுதல். தெரியாத கெடுதல் ஒன்று உண்டு. அதைத்தான் யாரும் சொல்வதில்லை. கார்புரேட்டரின் ஜெட் ஒரு சின்னத் துளை. அதன் வழியே போவது பெட்ரோல் மட்டுமல்ல, ஆயிலும் சேர்ந்துதான். ஆயில் கூடினால் அந்த இடத்தில் பெட்ரோல் குறைகிறது. 50:1-ல் ஒரு லிட்டர் கலப்பில் சுமார் 980 மில்லி பெட்ரோல். 25:1-ல் சுமார் 960 மில்லி. ஆயில் கெட்டியாக இருப்பதால் துளை வழியே ஓடும் வேகமும் கொஞ்சம் மட்டுப்படும். ஆக, எண்ணெய்க் கலப்பைச் செழிக்கவைத்தவன், தனக்குத் தெரியாமலே காற்றுக் கலப்பை ஏழையாக்கிவிடுகிறான். இன்ஜினுக்கு நல்லது என்று ஊற்றிய ஆயில், இன்ஜினைச் சூடாக்கும் பக்கம் ஒரு அடி தள்ளிவிடுகிறது.

"இரண்டு சதவீதம்தானே!" என்பீர்கள். சரி, அது மட்டும் தனியாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். அது தனியாக இல்லை. இப்போது பங்கில் கிடைப்பது இ-20 பெட்ரோல். அதில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் ஓடும்போது காற்றுக் கலப்பு இன்னும் கொஞ்சம் ஏழையாகும். பழைய மோட்டாரின் ஜெட் பழைய பெட்ரோலுக்கு அளந்து துளைத்தது. அது தானாகவே பெரிதாகுமா?

எத்தனாலுக்கு இன்னொரு குணம், தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கடற்கரைக் காற்றில் வாரக்கணக்கில் நிற்கும் அரை டேங்கில் ஈரம் சேரும். படகில் அலைத் தண்ணீர் புகுந்தால் இன்னும் சேரும். ஓர் அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகி அடியில் தங்கிவிடும், பெட்ரோல் மேலே நிற்கும். நாம் ஊற்றிய ஆயில் பெரும்பாலும் மேலே பெட்ரோலோடுதான் இருக்கும். டேங்கின் குழாயோ அடியிலிருந்து உறிஞ்சுகிறது. அப்படியானால் இன்ஜினுக்குப் போவது ஆயில் இல்லாத தண்ணீர். நீங்கள் இரண்டு மடங்கு ஆயில் ஊற்றியிருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு துளி உதவாது. பழைய எரிபொருளைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பதுதான் பாதுகாப்பு. கூடுதல் ஆயில் பாதுகாப்பு அல்ல.

எந்த ஆயில் என்பதிலும் இதே அலட்சியம்தான். தண்ணீரால் குளிரும் படகு மோட்டாருக்கு டி.சி.-டபிள்யூ 3 என்று டப்பாவில் எழுதிய ஆயில் வேண்டும். அது எரிந்தால் சாம்பல் தங்காது. ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில் எரிப்பதற்காகச் செய்ததே அல்ல. அதிலுள்ள உலோகச் சேர்மானங்கள் சாம்பலாகப் பிளக்கில் உட்காரும். "எல்லாம் ஆயில்தானே" என்பது, எல்லாம் எண்ணெய்தானே என்று விளக்கெண்ணெயில் வடை சுடுவதுபோல.

இனி இரண்டாவது பொய், ஸ்க்ரூ. கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் அந்தப் பித்தளைத் திருகு முழு இன்ஜினையும் ஆளுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஆளுவது ஐடிலையும் மெதுவான ஓட்டத்தையும் மட்டும். திராட்டிலை முழுக்கத் திறந்துவிட்டால் பெட்ரோலைத் தருவது மெயின் ஜெட். பெரும்பாலான சின்ன மோட்டார்களில் அது நிலையான துளை, திருக ஒன்றுமில்லை. படகு கடலுக்குப் போகும்போது பெரும்பாலும் முழு வேகத்தில்தான் ஓடுகிறது. அந்த நேரத்தில் ஸ்க்ரூவை டைட் செய்து மிச்சப்படுத்தும் பெட்ரோல் அநேகமாக ஒன்றுமேயில்லை. மெதுவாக ஓடும்போதும், வலை இழுக்கும்போதும், கரை அண்டும்போதும்தான் அது வேலை செய்கிறது. அங்கே காற்றுக் கலப்பு ஏழையானால் திராட்டிலைக் கொடுத்ததும் மோட்டார் திக்கும், கார்புரேட்டர் வழியே தும்மும், நின்றுவிடும். அலை உடையும் இடத்தில் நிற்கும் மோட்டார் என்ன செய்யும் என்று கடலோடிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. "டைட் வை" என்று சொல்பவருக்கு டைட் செய்தால் ஏழையாகுமா, செழிக்குமா என்பதே நிச்சயமில்லை. சில கார்புரேட்டர்களில் அந்தத் திருகு பெட்ரோலைக் கட்டுப்படுத்தும். உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். வேறு சிலவற்றில் அது காற்றைக் கட்டுப்படுத்தும். உள்ளே திருகினால் காற்று குறைந்து பெட்ரோலின் பங்கு கூடும். புத்தகத்தைப் பார்க்காமல் இதைச் சொல்வது, மருந்துச் சீட்டைப் பார்க்காமல் ஊசி போடுவதற்குச் சமம்.

ஐடில் சரியில்லை என்றால் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை ஐந்தாறு இருக்கின்றன. டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? பாதி நேரம் வியாதி இதுதான். டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயிலும் கை பம்ப்பிலும் காற்று ஒழுகுகிறதா? ஃபில்டரில் தண்ணீர் நிற்கிறதா? பிளக் கரியேறி நனைந்திருக்கிறதா, வெள்ளையாக வெந்திருக்கிறதா? நனைந்த கறுப்பு என்றால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். வெந்த வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை. பின்னால் பீச்சும் குளிர்தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? போன மாதத்துக் கலப்பு கார்புரேட்டருக்குள் காய்ந்து பிசினாகி ஜெட்டை அடைத்திருக்கிறதா? இவை எல்லாம் சரி என்றால்தான் ஸ்க்ரூவுக்கு வேலை. ஜெட் அடைத்திருக்கும்போது ஸ்க்ரூவைத் திருகித் திருகி ஓடவைப்பவர், ஜெட்டைச் சுத்தம் செய்த மறுநாள் எல்லாம் தாறுமாறாகிவிட்டது என்று மறுபடி திருகுவார்.

ஸ்க்ரூவைச் சரிசெய்வது பெரிய வித்தையும் அல்ல. முதலில் புத்தகம் சொல்லும் சுற்றுக்கு வைக்க வேண்டும். மெதுவாக உள்ளே அது உட்காரும்வரை திருகி, அங்கிருந்து இத்தனை சுற்று வெளியே என்று எழுதியிருக்கும். அழுத்தி உட்காரவைத்தால் ஊசி முனையில் தழும்பு விழும், பிறகு அது எந்த அளவிலும் நிற்காது. மோட்டார் தண்ணீரில் இருக்க வேண்டும், நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், கியரில் இருக்க வேண்டும், சொந்தக் கலப்பில் ஓட வேண்டும். கரையில் டிரம்மில் வைத்து நியூட்ரலில் செய்த செட்டிங் கடலில் பொய்யாகும். பிறகு அரைக்கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு தடவையும் சில விநாடி பொறுத்து, எங்கே தும்ம ஆரம்பிக்கிறது, எங்கே தொண்டை அடைத்ததுபோல் உருளுகிறது என்று இரண்டு ஓரங்களையும் கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் வைத்து, அதிலிருந்து ஒரு சிறிது செழிப்புப் பக்கம் தள்ளி வைக்க வேண்டும். கடைசியாகத் திராட்டிலைச் சட்டென்று கொடுத்துப் பார்க்க வேண்டும். திக்காமல் எழுந்தால் வேலை முடிந்தது. மிச்சம் பிடிக்கிறேன் என்று ஏழைப் பக்கம் வைப்பவன், பத்து ரூபாய் பெட்ரோலுக்காகப் பிஸ்டனை அடகு வைக்கிறான்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது மண்ணெண்ணெய்க்கென்றே அழுத்தம் குறைத்துச் செய்த இன்ஜின். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறி, நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். விலை மலிவு என்று சாதாரணப் பெட்ரோல் மோட்டாரில் மண்ணெண்ணெயைக் கலந்துவிட்டு, தட்டும் சத்தத்தை ஸ்க்ரூவால் அடக்கப் பார்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது அடங்காது. உடையும்.

இதற்கெல்லாம் எனக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "ஐயா, நாங்க முப்பது வருஷமா கடல்ல இருக்கோம். எங்களுக்குத் தெரியாததா?" இந்தக் கேள்விக்கு நான் தலை வணங்குகிறேன். காற்றையும் நீரோட்டத்தையும் மீன்பாட்டையும் பற்றி அவர்களுக்கு எதிரே வாய் திறக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் முப்பது வருஷ அனுபவம் கடலைப் பற்றியது. ஜெட் துளையின் அளவு கடலில் கிடைக்கும் அறிவல்ல. மோட்டார் முதல் நாளே வெடித்தால் எல்லோரும் கற்றுக்கொள்வார்கள். இது மெல்லக் கெடுகிறது. இன்று ஊற்றிய கூடுதல் ஆயில் ஆறு மாதம் கழித்து ரிங்கை ஒட்டவைக்கிறது. அப்போது பழி பெட்ரோல் பங்கின்மேல் விழும், இல்லாவிட்டால் "டூப்ளிகேட் பிஸ்டன்" மேல் விழும். காரணமும் விளைவும் இவ்வளவு தூரம் தள்ளி நிற்கும் இடத்தில் அனுபவம் ஆசிரியர் ஆகாது. அங்கே அளவுதான் ஆசிரியர்.

கடலோடிகளை மட்டும் குற்றம் சொன்னால் நான் பாதிப் பொய் சொன்னவன் ஆவேன். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரை முழுக்க ஃபைபர் போட்டுகள் வந்து இறங்கின, மோட்டார்களும் கூடவே வந்தன. அவை வருமுன்னும் வந்த பின்னும், நான் வேலை பார்த்த அலுவலகத்தின் படிவத்தில் பயனாளி பெயருக்குக் கட்டம் இருந்தது, ரேஷன் அட்டை எண்ணுக்கு, படகு எண்ணுக்கு, மோட்டார் எண்ணுக்கு, கையெழுத்துக்கு எல்லாம் கட்டம் இருந்தது. "கலப்பு முறை விளக்கப்பட்டதா?" என்று ஒரு கட்டம் இல்லை. மோட்டாரோடு கொடுத்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் ஒரு பக்க அறிவிப்பு அச்சடித்து, 400 மில்லியில் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். "பார்க்கப்பட்டது. கோப்பில் வைக்கவும்" என்று திரும்பி வந்தது. வைத்தேன். ஒரு குவளை என்ன விலை இருக்கும்? அந்தக் குவளை இல்லாததால் வந்த பழுது விண்ணப்பங்களை நானே பதிவேட்டில் ஏற்றினேன். மாற்றுப் பிஸ்டனுக்குப் பணம் ஒதுக்க விதி இருந்தது. குவளைக்கு விதி இல்லை.

"இனிமேல் எல்லாம் ஃபோர்-ஸ்ட்ரோக், கம்ப்யூட்டரே பெட்ரோலை அளக்கும், இந்தப் பழம் பேச்சு எதற்கு?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். டூ-ஸ்ட்ரோக் மோட்டார் கணிசமான பெட்ரோலை எரிக்காமலே கடலில் விடுகிறது என்பது உண்மை. ஆனால் எடை குறைவு, விலை குறைவு, கரையிலேயே பிரித்துப் பூட்டலாம் என்பதற்காக இன்றும் இதைத்தான் ஏழை வாங்குகிறான். பணக்காரனுக்குக் கம்ப்யூட்டர் அளக்கிறது, ஏழைக்கு அளக்க ஒரு குவளைகூட இல்லை என்பது என்ன நியாயம்? ஜாம் ஆன மோட்டாரால் நஷ்டம் படகுக்காரனுக்கு மட்டுமல்ல. பங்குக்குப் போகும் மூன்று நான்கு பேருக்கும் அன்று முதல் பாடு இல்லை. வீட்டில் அடுப்புக்குக் காத்திருப்பவர்களுக்கும் இல்லை.

ஆகவே நான் கேட்பது அதிகம் இல்லை. ஆயிலைக் குவளையில் அளந்து ஊற்றுங்கள், அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். மோட்டார் விற்பவர் யாரானாலும், கொடுப்பவர் யாரானாலும், தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கையில் கொடுக்கட்டும். மெக்கானிக் தம்பிமார்களே, "மிக்சர்" என்று இனிமேல் சொல்லாதீர்கள். எண்ணெய்க் கலப்பா, காற்றுக் கலப்பா என்று கேளுங்கள். பதில் தெரியும்வரை ஸ்க்ரூடிரைவர் பையிலேயே இருக்கட்டும்.